ஒற்றைக் காலில் வாங்கிய குத்து: கிக் பாக்ஸிங்கிலிருந்து பாக்ஸிங்குக்குப் போன கதை

என்னுடைய முதல் பாக்ஸிங் பவுட் (மோதல்). மணி அடித்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிரில் நின்ற பொண்ணு இடுப்பை லேசாகத் திருப்பினாள், நான் சட்டென்று இடது காலைத் தூக்கிவிட்டேன். உதைக்க அல்ல. அவள் உதைக்கப்போகிறாள், அதை ஷின்னில் (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில்) வாங்கித் தடுக்க வேண்டும் என்று என் கால் தானாகவே முடிவு செய்துவிட்டது. பாக்ஸிங்கில் யாரும் உதைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. அவள் போட்டது சாதாரண ஜாப், முன்கையால் நேராக விடுகிற குத்து. ரெண்டு காலும் தரையில் இருந்திருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது பட்டதால் மல்லாக்க விழுந்தேன். ரெஃப்ரி எட்டு வரை எண்ணினார், ஹாலில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

ரவுண்டு முடிந்து கார்னருக்குப் போனால், மாஸ்டர் வாயில் தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னாமா, கொக்கு மாரி ஒத்தக் கால்ல நிக்கற? மீன் புடிக்கவா வந்த?" காசிமேட்டு மீனவப் பொண்ணுகிட்ட கேட்கிற கேள்வியா அது.

அந்த பவுட்டில் தோற்றேன், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கால் தரையில் தங்குவதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. கிக் பாக்ஸிங்கில் ஓரளவு பேர் வாங்கிவிட்டு பாக்ஸிங்குக்கு மாறலாமா என்று கேட்டு இப்போது நிறைய பசங்களும் பொண்ணுங்களும் என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பதின்மூன்று வயதில் கிக் பாக்ஸிங் ஆரம்பித்தேன். லோ கிக் பிரிவு, அதாவது தொடையில் உதைக்கலாம். மாநில அளவில் ரெண்டு தங்கம். எங்கள் பக்கம் குத்துச்சண்டைக்குப் பஞ்சமில்லை, பரம்பரை பரம்பரையாக "ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை" நடந்த மண். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவர் என் தாத்தா. சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெடலைக் கொண்டுபோய்க் காட்டினால், "கால்ல ஒதைக்கறது தெருச்சண்ட, கைதான் ஆட்டம்" என்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

2012 ஆகஸ்டில் மேரி கோம் லண்டனில் வெண்கலம் வாங்கினார். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் சேர்ந்த முதல் வருஷம் அது. கிக் பாக்ஸிங் அப்போதும் ஒலிம்பிக்கில் இல்லை, இப்போதும் இல்லை. வாகோ என்கிற உலக அமைப்புக்கு 2021-ல்தான் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரமே கிடைத்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த நைனா, "நீயும் கையில தானே குத்தற, இதுல போயேன்" என்றார். ரொம்ப சுலபமாகச் சொல்லிவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரெண்டிலும் அதே க்ளவுஸ், அதே ஜாப், அதே க்ராஸ் (பின்கையால் நேராக விடுவது), அதே ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுவது). காலைக் கழித்துவிட்டால் மிச்சம் பாக்ஸிங் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பு.

லோ கிக்கில் எதிராளி எப்போதும் உன் தொடையைத்தான் தேடுவாள். அதனால் எடையைப் பின்காலில் வைத்துக்கொண்டு, முன்காலை எந்த நிமிஷமும் தூக்குகிற மாதிரி லேசாக வைத்திருப்போம். இடுப்பு நேராக அவளைப் பார்த்திருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். குனியவே மாட்டோம், குனிந்தால் முகத்தில் உதை வரும். பாக்ஸிங்கில் இது அத்தனையும் தலைகீழ். முட்டியை மடக்கணும், உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பணும், குத்தும்போது எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகணும், தலை ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே போகாத வரைக்கும் குனியலாம். குனியலாம் என்ன, குனிந்தே ஆகணும்.

அப்புறம் தூரம். உதை எட்டுகிற தூரம் வேறு, குத்து எட்டுகிற தூரம் வேறு. ஏழெட்டு வருஷம் உதை எட்டுகிற தூரத்திலேயே நின்று பழகியதால், பாக்ஸிங் ரிங்கில் எப்போதும் ஒரு அடி தள்ளியே நின்றேன். அங்கிருந்து எட்டி எட்டிக் குத்துவேன், எட்டாது, போன வேகத்தில் என் மூஞ்சியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு வருவேன். வீடியோவில் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

இதையெல்லாம் விட மோசமான ஒரு விஷயத்தை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. கிக் பாக்ஸிங்கில் நாங்கள் பழகிய தாளம் "கை-கை-கால்". ஜாப், க்ராஸ், உடனே தொடையில் ஒரு உதை. பாக்ஸிங்கில் உதை கிடையாது, ஆனால் உதைக்கான இடம் என் உடம்பில் அப்படியே இருந்தது. ஜாப், க்ராஸ் போட்டுவிட்டு, அரை விநாடி சும்மா நிற்பேன். அந்த அரை விநாடியில்தான் அத்தனை அடியும் வாங்கியிருக்கிறேன். மாஸ்டர் மொபைலில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்: "இங்க பாரு, யாருக்குமா காத்துனு இருக்க?" உங்கள் சொந்த ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வீடியோவை ஒரு தடவை இப்படிப் பாருங்கள். கை போய் முடிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள், மற்றது எதுவும் வேண்டாம்.

காலுக்கு மாஸ்டர் செய்த வைத்தியம் கயிறு. நைனாவின் படகிலிருந்து வலைக் கயிறு ஒரு துண்டு வாங்கிவரச் சொல்லி, என் ரெண்டு கணுக்காலையும் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கட்டினார். அப்படியே ஷேடோ, அதாவது எதிரில் ஆளில்லாமல் காற்றில் குத்துவது. காலைத் தூக்கினால் கயிறு இழுக்கும், அகலமாக வைத்தாலும் இழுக்கும், ஒட்டி வைத்தால் கயிறு தரையில் தொங்கிக் காலைத் தடுக்கும். முதல் வாரத்தில் நாலு தடவை விழுந்தேன். முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தினமும் இருபது நிமிஷம், மூன்று மாசத்துக்கு மேல் ஓடியது. இப்போது என்னிடம் வருகிறவர்களுக்குக் கயிறு கட்டுவதில்லை, உடற்பயிற்சிக்கு விற்கிற ரப்பர் பேண்ட் போடுகிறேன், விழுந்தாலும் அடி குறைவு. மண் தரையிலோ ரப்பர் மேட் மேலோ மட்டும்தான். அதைக் கட்டிக்கொண்டு ஸ்பாரிங் பண்ண விடவே மாட்டேன்.

குனிவதற்கு மொட்டை மாடிக் கொடி. அம்மா துணி காயப்போடுகிற கயிறு என் தோள் உயரத்தில் இருந்தது. அதன் ஒரு பக்கம் நின்று, முட்டியை மடக்கி அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழணும், எழும்போது ஒரு ஹூக். இப்படியே கொடியின் நீளத்துக்கு முன்னால் போகணும், பின்னால் வரணும். இடுப்பை வளைத்துக் குனிந்தால் கண் தரையைப் பார்த்துவிடும், எதிராளியைப் பார்க்காது. அது சலாம் போடுவது, டக் பண்ணுவது இல்லை. முட்டி மடங்கினால்தான் கண் நேராக இருக்கும். ஈரப் புடவை மூஞ்சியில் அறைந்தால் லேட்டாகக் குனிந்தேன் என்று அர்த்தம். அதைவிட நல்ல கோச் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் யார் என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தவர் லூசியா ரைக்கர். ஆம்ஸ்டர்டாமில் 1967-ல் பிறந்தவர். சின்ன வயசில் ஜூடோ, அப்புறம் கத்திச் சண்டை, அப்புறம் கிக் பாக்ஸிங். கிக் பாக்ஸிங்கில் முப்பதுக்கு மேல் ஜெயித்து, பெண்களிடம் ஒரு தடவைகூடத் தோற்காதவர். 1994-ல் ஒரு தாய்லாந்து ஆணோடு மோதி, ரெண்டாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார், தோல்வி என்று சொன்னால் அது ஒன்றுதான். 1996-ல் பாக்ஸிங்குக்குப் போனார், லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ரெடி ரோச்சிடம் பயிற்சி. 17 பவுட், 17 வெற்றி, அதில் 14 நாக் அவுட். 2004-ல் வந்த ஒரு ஹாலிவுட் குத்துச்சண்டைப் படத்தில் கதாநாயகியை அடித்துப் போடுகிற வில்லியாக நடித்தவரும் இவர்தான், நிறைய பேருக்கு அப்படித்தான் தெரியும்.

அவருடைய பழைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு ஆன மாதிரி இவருக்குக் கால் ஏன் தூக்கவில்லை? எனக்குத் தோன்றிய பதில் இதுதான்: அவர் கற்ற கிக் பாக்ஸிங் வேறு. நெதர்லாந்து பாணியில் ஜப்பானிலிருந்து போன கராத்தே, கிக் பாக்ஸிங்கோடு மேற்கத்திய பாக்ஸிங்கும் சரிபாதி கலந்திருக்கும். கையால் நாலைந்து குத்து விட்டு எதிராளியை நகரவிடாமல் செய்து, கடைசியில் கால் வரும். கை ஏற்கெனவே தயாராக இருந்தது, அவர் கழித்தது கடைசி ஒரு அடியைத்தான். அமெரிக்கப் பக்கம் ஃபுல் கான்டாக்ட் என்று ஒரு வகை உண்டு, இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. அங்கே ஆட்டக்காரர்கள் கையையே நம்பி ஆடியதால், ஒரு ரவுண்டுக்கு எட்டு உதையாவது உதைத்தே ஆகணும் என்று விதி போடவேண்டி வந்தது என்றால் பாருங்கள். அங்கிருந்து வந்த டெக்சாஸ்காரர் டிராய் டார்ஸி, 1991-ல் ஐ.பி.எஃப். என்கிற பாக்ஸிங் அமைப்பின் ஃபெதர்வெயிட் உலகப் பட்டத்தையே வாங்கினார்.

தாய்லாந்துக்காரர்கள் கதை வேறு. அவர்கள் முவே தாய், முழங்கை முழங்கால் எல்லாம் உண்டு, நிற்கிற விதம் என்னுடையதை விட இன்னும் நிமிர்ந்தது. ஆனாலும் சென்சாக் முவாங்சுரின் 1975-ல் தன் மூன்றாவது தொழில்முறை பாக்ஸிங் பவுட்டிலேயே டபிள்யூ.பி.சி. என்கிற இன்னொரு அமைப்பின் உலகப் பட்டம் வாங்கினார். சமார்ட் பயாகருன் முவே தாய்க்குப் பேர்போன லும்பினி ஸ்டேடியத்தில் நாலு எடைப் பிரிவில் பட்டம் வாங்கிவிட்டு, 1986 ஜனவரியில் பாங்காக்கில் லூபே பின்டரை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்து பாக்ஸிங் உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருஷமே சிட்னியில் ஜெஃப் ஃபெனெக்கிடம் நாலாவது ரவுண்டில் விழுந்தார். காவோசாய் கேலக்ஸி என்பவர் தன் உலகப் பட்டத்தை 19 தடவை காப்பாற்றிக்கொண்டு 1991-ல் ஜெயித்த கையோடு ஓய்வு பெற்றார். இவர்களைப் பார்த்துவிட்டு "முவே தாய் ஆளுங்களால முடியுது, என்னால ஏன் முடியல" என்று யாரும் மனசொடிய வேண்டாம். அவர்கள் பத்து வயசுக்கு முன்னாலிருந்து ரிங்கில் சம்பாதித்துக் குடும்பத்துக்குக் கொடுத்தவர்கள். நாம் ட்யூஷன் முடிந்து ஆறு மணிக்குப் போனவர்கள்.

நம் நாட்டில் லவ்லினா போர்கோஹெய்ன் இருக்கிறார். அசாமின் கோலாகாட் மாவட்டம். ரெட்டைப் பிறவிகளான ரெண்டு அக்காக்கள் கிக் பாக்ஸிங் ஆடியவர்கள், அவர்களைப் பார்த்து இவரும் முவே தாயில் ஆரம்பித்தார். 2012 வாக்கில் பதும் போரோ என்ற கோச் கண்ணில் பட்டு பாக்ஸிங்குக்கு வந்தார், அப்போது 14 வயசு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோவில் வெண்கலம், 2023-ல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் 75 கிலோவில் தங்கம். நான் மாறியபோது எனக்கு 20 வயசு. அந்த ஆறு வருஷம்தான் எல்லாமே என்று சொல்ல மாட்டேன், அவருடைய உயரமும் உழைப்பும் வேறு. ஆனால் 14 வயசுக் காலுக்கு மறக்க வேண்டியது கொஞ்சம்தான் இருக்கும், அது நிஜம். உங்கள் வீட்டுப் பிள்ளை கிக் பாக்ஸிங் ஆடுகிறது, பாக்ஸிங் ஆசையும் இருக்கிறது என்றால், ப்ளஸ் டூ முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, காலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வெயிட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம்.

நான் ஆடிய கிக் பாக்ஸிங் போட்டிகளில் ஆரம்பத்தில் ஒரு தடவை வெயிட் போடுவார்கள், அதோடு சரி. அதனால் கடைசி ரெண்டு நாள் தண்ணி குடிக்காமல் கிடந்து ரெண்டு கிலோ இறக்கி, வெயிட் போட்டதும் இட்லியும் எலுமிச்சை ஜூஸுமாக ஏற்றிக்கொள்வோம். அமெச்சூர் பாக்ஸிங்கில் அது வேலைக்காகாது. பவுட் இருக்கிற ஒவ்வொரு நாள் காலையிலும் தராசில் ஏறணும். ஒரு மாநிலப் போட்டியில் 57 கிலோ ஆளான நான் 54-ல் பேர் கொடுத்தேன், அங்கே போட்டி சுலபம் என்று எவனோ சொன்னதைக் கேட்டு. முதல் நாள் சமாளித்தேன். ரெண்டாவது நாளும் சமாளித்தேன். மூன்றாவது நாள் காலை தராசு 300 கிராம் அதிகம் காட்டியது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஸ்கிப்பிங், ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தேன். வெயிட் சரியாகிவிட்டது. சாயங்காலம் ரிங்கில் ரெண்டாவது ரவுண்டில் ரெண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு என்னை ஜெயித்த பொண்ணு என்னைவிடத் திறமையானவள் இல்லை, காலையில் சாப்பிட்டிருந்தாள், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஒரு விதி வைத்தேன். போட்டிக்கு ஒரு மாசம் முன்னால், காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வெறும் வயிற்றில் பார்க்கிற வெயிட், ஆடப்போகிற பிரிவை விட ஒன்று, ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதை ராத்திரிச் சோற்றைக் குறைத்தும் எண்ணெயைக் குறைத்தும் மெதுவாக இறக்கலாம், தண்ணியில் கை வைக்கக் கூடாது. பொண்ணுங்களுக்கு இன்னொன்று: மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் எனக்கு ஒரு கிலோ வரைக்கும் ஏறும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மாஸ்டரும் ஆண், கூட ஆடுகிறவர்களும் பசங்க, நான் யாரிடம் கேட்பேன்? காலண்டரில் தேதியையும் வெயிட்டையும் நாலு மாசம் சேர்த்துக் குறித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீங்களும் குறியுங்கள்.

கை உடைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. ரெண்டாவது வருஷம் ஒரு ஹூக் அவள் நெற்றி எலும்பில் பட்டு, என் வலது கை சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற எலும்பு விட்டுவிட்டது. கிக் பாக்ஸிங்கில் பெரிய அடியைக் காலால் அடிப்பதால் கையை ஒழுங்காகக் கட்டுகிற பழக்கமே எனக்கு இல்லை. மணிக்கட்டில் ரெண்டு சுற்று, மேலே க்ளவுஸ், முடிந்தது. குத்தும்போது விரல் முட்டியின் வெளிப்பக்கம் படுகிறதா, ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் படுகிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. நாலரை மீட்டர் பேண்டேஜ் வாங்குங்கள், குட்டையாக வருவது பத்தாது. மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று நாலு சுற்று, ஒவ்வொரு விரல் இடுக்கிலும் ஒன்று, மிச்சத்தை மறுபடி மணிக்கட்டில். கை விரித்திருக்கும்போது தளர்வாகத் தெரியணும், முஷ்டி மடக்கினால் இறுகணும். விரல் நுனி நீலமாகிறது என்றால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள், சோம்பல் வேண்டாம்.

தலையடி. இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஒரு பவுட்டில் தலையில் வாங்கிய குத்துக்காக ரெஃப்ரி நிறுத்திவிட்டார். அப்படி நிறுத்தினால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் கிடையாது, போட்டியும் கிடையாது என்பது விதி. என் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். நான் மாஸ்டரிடம் தலை வலிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு, பத்தாவது நாளே வேறொரு ஜிம்மில் போய் ஸ்பாரிங் போட்டேன். அந்த மாசம் முழுக்க அம்மா சொன்ன சாமானில் பாதியை மறந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். மீன் குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். ஒரு நாள் தெருமுனையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பணும் என்று யோசித்தேன், நான் பிறந்த தெரு அது. அன்றைக்குத்தான் பயந்தேன். மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் திட்டவில்லை, மூன்று மாசம் பேசவும் இல்லை. டாக்டர் ஆறு வாரம் ஓய்வு என்றார், ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டேன். வெளியே வெட்டுக்காயம் பட்டால் எல்லாருக்கும் தெரியும், நிறுத்திவிடுவார்கள். 2003 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் விட்டாலி கிளிட்ச்கோ ஹெவிவெயிட் உலக சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸை எதிர்த்து ஆறு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னால் இருந்தார். கண்ணுக்கு மேல் கிழிந்ததால் டாக்டர் நிறுத்திவிட்டார், அப்புறம் அறுபது தையல். அவர் கத்தினார், கூட்டமும் கத்தியது. டாக்டர் செய்தது சரி. தலைக்குள்ளே கிழிந்தால் அப்படி ஒரு டாக்டர் பார்க்க மாட்டார், நாமாகத்தான் சொல்லணும்.

சொல்ல மறந்துவிட்டேன், விட்டாலியும் கிக் பாக்ஸிங்கிலிருந்து வந்தவர்தான். அதே ராத்திரி, அதே ரிங்கில், முன்னதாக நடந்த ஒரு பவுட்டில் லூசியா ரைக்கர் இங்கிலாந்து வீராங்கனை ஜேன் கௌச்சை எட்டு ரவுண்டு ஆடி ஜெயித்தார். கிக் பாக்ஸிங்கை விட்டு வந்த ரெண்டு பேர் ஒரே மேடையில், ஒருத்தர் ஜெயித்து, ஒருத்தர் ரத்தத்தோடு தோற்று. இதை யாரும் பெரிசாகப் பேசிப் பார்த்ததில்லை, எனக்கு மட்டும்தான் அந்த ராத்திரி ஒரு கிறுக்கு.

இப்போது பணம். கிக் பாக்ஸிங்கில் உலக அமைப்பு ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு உலக சாம்பியன். தொழில்முறை பாக்ஸிங்கிலும் நாலு பெல்ட் (நாலு அமைப்புகளின் பட்டம்) உண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. எனக்குப் பத்தொன்பது வயசில், பேர் சொல்ல வேண்டாம், ஒரு சங்கம் "சர்வதேசப் போட்டி" என்று சொல்லி 35,000 ரூபாய் வாங்கியது. நைனா வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்யாண மண்டபம், மேடையில் பழைய வாழைமரம் இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, வெளிநாடு என்று வந்தது ஒரே ஒரு நாட்டிலிருந்து நாலு பேர். என் எடைப் பிரிவில் மொத்தம் ரெண்டு பேர், ஒரு பவுட்டில் தங்கம். அந்த சர்டிபிகேட்டை விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் போட்டபோது, கவுன்டரில் இருந்தவர் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு என் பக்கமே திருப்பித் தள்ளினார். கோபம் அவர் மேல் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை: இந்தச் சங்கம் எந்த உலக அமைப்போடு சேர்ந்தது, நம் அரசு இதை அங்கீகரித்திருக்கிறதா, போன வருஷம் இதே சர்டிபிகேட்டை வைத்து யாருக்காவது வேலையோ கல்லூரி சீட்டோ கிடைத்ததா, அவர் நம்பர் கொடுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் எப்படி முழிக்கிறார்கள் என்று பாருங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பெரிய பணம் பெரியவர்களுக்கே கைக்கு வந்து நழுவியிருக்கிறது. 2005 ஜூலை 30-ஆம் தேதி லாஸ் வேகாஸில் லூசியா ரைக்கருக்கும் அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி மார்ட்டினுக்கும் பவுட், ஜெயிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். இந்த ரெண்டு பேரும் மோத வேண்டும் என்று பல வருஷமாக ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயிற்சியில் ரைக்கரின் குதிகால் தசைநாண் அறுந்தது, பவுட் நடக்கவே இல்லை. அப்போது அவருக்கு 37 வயசு, அதுக்கப்புறம் ரிங்குக்கே திரும்பவில்லை. ரெண்டு பேரையும் ஒரே வருஷப் பட்டியலில், 2020-க்கானதில், சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் பேர் இருக்கிறது, சண்டை மட்டும் இல்லை.

அதைப் படித்த நாளிலிருந்து மொட்டை மாடி சிமென்ட் தரையில் ஸ்கிப்பிங் போடுவதை விட்டேன். எனக்கும் காலையில் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது குதிகால் சுருக்கென்று இழுக்கும், சரியாகிவிடும் என்று விட்டுவைத்திருந்தேன். இப்போது மண்ணிலோ ரப்பர் மேட்டிலோதான் ஸ்கிப்பிங், முடிந்ததும் படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது, பதினைந்து தடவை, மூன்று சுற்று. கிக் பாக்ஸிங்கில் நுனிக்காலில் திரும்பி உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் ஏற்கெனவே இறுகியிருக்கும், அதனால் நமக்கு இது இன்னும் அவசியம்.

பாக்ஸிங்கில் நான் போனது மாநில வெள்ளி வரைக்கும். அப்போது பெண்களுக்கு ரெண்டு நிமிஷம் நாலு ரவுண்டு. ஆண்களைப் போல மூன்று நிமிஷம் மூன்று ரவுண்டு என்று மாறியபோது நான் கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். வேலை, கல்யாணம், வழக்கமான கதை.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. பாக்ஸிங்கை நிறுத்தி ஒரு வருஷம் கழித்து, பழைய கிக் பாக்ஸிங் ஜிம்மில் ஒரு நட்புப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். லோ கிக், ரெண்டு நிமிஷம் மூன்று ரவுண்டு, நான் ஏழெட்டு வருஷம் ஆடிய ஆட்டம். பரண் மேலிருந்து ஷின் கார்டை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு போனேன். முதல் ரவுண்டு ராஜநடை. என் கையின் வேகத்துக்கு அந்தச் சின்னப் பொண்ணால் பதில் சொல்ல முடியவில்லை, தூரம் புரிந்தது, அந்த அரை விநாடி ஓட்டை இல்லை. நைனா கீழே நின்று விசில் அடித்தார். ரெண்டாவது ரவுண்டில் அவள் ஒரு க்ராஸ் விட்டாள். நான் அழகாக, முட்டியை மடக்கி, கண்ணை நேராக வைத்து, அம்மாவின் கொடிக் கயிற்றுக்கு அடியில் புகுவது போலக் குனிந்தேன்.

அவளுடைய ஷின் அங்கே காத்துக்கொண்டிருந்தது.

ஹெட் கார்டு இருந்ததால் மூக்கு தப்பியது. மறுபடி மல்லாக்க, மறுபடி எட்டு எண்ணிக்கை. இந்தத் தடவை எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ரெஃப்ரி ஏதோ தலையில் அடி பலம் என்று நினைத்துக் கிட்டே வந்து கண்ணை உற்றுப் பார்த்தார்.

ராத்திரி மாஸ்டருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருமலும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏன்மா, அந்தக் கவுத்த நீ இன்னும் அவுக்கவே இல்லியா?"